"அதே சேலையா?" என்று இனி யாரையும் கேட்க மாட்டேன்

என் வயது 37. பத்தாம் வகுப்பு வரை படித்தவள். மதுரையில் வாடகை வீடு. கணவர், மாமியார், ஒன்பதாவது படிக்கும் மகள், ஐந்தாவது படிக்கும் மகன் என்று ஐந்து பேர் உள்ள குடும்பம். கணவருக்கு லேத் பட்டறையில் வேலை, சனிக்கிழமை சனிக்கிழமை சம்பளம். இந்தப் பகுதியில் வரும் கடிதங்களை விடாமல் படிப்பேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. சேலையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். 'இதில் எழுத என்ன இருக்கிறது' என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். நான் பட்ட கடனும் இதில் இருக்கிறது, நான் ஒருவருக்குச் செய்த தப்பும் இருக்கிறது.

2024-ஆம் வருடம் ஆனி மாதக் கடைசிச் சனிக்கிழமை. எங்கள் தெருவுக்குத் தவணைக்குச் சேலை கொண்டு வரும் அம்மா வழக்கம்போல் மதியம் வந்தார். அன்றைக்குப் பட்டறையில் கரண்ட் இல்லை என்று கணவர் சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிட்டார். எனக்கு அது தெரியும், அந்த அம்மாவுக்குத் தெரியாது. வாசலில் நின்று நோட்டைப் பிரித்து, "இந்த ஐநூறு போக இன்னும் ஏழாயிரத்து ஐநூறு நிக்குது தாயி" என்று சத்தமாகச் சொல்லிவிட்டார்.

கணவர் என்னைத் திட்டவில்லை. "எத்தனை நாளா ஓடுது?" என்று மட்டும் கேட்டார். "நாலு வருஷமா" என்றேன். தட்டை எடுத்துப் போட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். ஆனால் என் மகள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். இரண்டு நாளைக்கு முன்புதான் டியூஷன் ஃபீஸ் 1,200 ரூபாய் கேட்டவளிடம், "அப்பா கையில காசு இல்லடி, அடுத்த மாசம் பாப்போம்" என்று சொல்லியிருந்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது.

அன்று இரவு எல்லாரும் தூங்கிய பிறகு பீரோவைத் திறந்து எண்ணினேன். பட்டு 6, சில்க் காட்டன் 9, காட்டன் 11. பூனம், ஷிபான், ஜார்ஜெட் என்று வழவழா சேலைகள் மட்டும் 38. மொத்தம் 64! அதில் 19 சேலைக்கு ஃபால்ஸ்கூட அடிக்கவில்லை. எத்தனையோ சேலைக்கு ரவிக்கைத் துணி வெட்டாமல் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. இத்தனை இருந்தும், ஒவ்வொரு விசேஷத்துக்கும் பீரோ முன்னால் நின்று "கட்டிக்க ஒண்ணுமே இல்லையே" என்று சொன்னவள் நான்தான்.

தவணை எப்படி நம்மை இழுக்கிறது என்று அன்றைக்குத்தான் உட்கார்ந்து யோசித்தேன். கடையில் 650 ரூபாய்க்குக் கிடைக்கிற சேலை தவணையில் 950. வாரம் 500 கொடுத்தால் போதும் என்பதால் பாரம் தெரியாது. கடன் ஆயிரத்துக்கு இறங்கும்போது அந்த அம்மா புது மூட்டையைப் பிரிப்பார். "பணத்துக்கு என்ன அவசரம், மெதுவாக் குடு" என்பார். நானும் இரண்டு எடுத்துக்கொள்வேன். போதாததற்குக் கைப்பேசியில் வாட்ஸ்அப் குரூப் வேறு. காலையில் கண் விழித்ததுமே முப்பது சேலைப் படம் வந்து நிற்கும். 'கடைசிப் பீஸ்' என்று எழுதியிருந்தால் கை தானாகப் போகும்.

மறுநாள் காலையில் கணவரிடம், "ஏங்க, இந்தக் கடனை நானே அடைக்கிறேன். நீங்க ஒரு ரூபா தர வேண்டாம். ஆடி ஒண்ணுல இருந்து தீபாவளி வரைக்கும் ஏழே ஏழு சேலைதான் கட்டுவேன். புதுசு ஒண்ணுகூட எடுக்க மாட்டேன்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "ஆடித் தள்ளுபடி ஆரம்பிக்கிற அன்னிக்கா விரதம் ஆரம்பிக்கிற? பாப்போம்" என்றார். அந்தச் சிரிப்புதான் எனக்கு ரோஷத்தைக் கிளப்பியது.

ஜூலை 17 ஆடி முதல் தேதி. அக்டோபர் 31 தீபாவளி. மொத்தம் 107 நாள். ஏழு சேலையை எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்கிறேன். யாருக்காவது உதவும்.

வெளியே போகவர சுங்குடி இரண்டு, கெட்டி நூல் செட்டிநாட்டுக் காட்டன் ஒன்று. மழை நாளுக்கும் அவசரத்துக்கும் பூனம் இரண்டு, அது இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும். கோயிலுக்கும் சின்ன விசேஷங்களுக்கும் சில்க் காட்டன் ஒன்று. பெரிய விசேஷத்துக்கு அரக்குப் பட்டு ஒன்று. வீட்டில் உடுத்த மூன்று நைட்டி தனி. ரவிக்கையில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஒவ்வொரு சேலைக்கும் அதற்கென்று ரவிக்கை தைத்தால் எங்கள் பக்கம் லைனிங் வைத்துத் தைக்க 350 ரூபாய் ஆகிறது. நான் கறுப்பில் இரண்டு, அரக்கில் இரண்டு, பொன்னிறத்தில் ஒன்று என்று ஐந்தே ரவிக்கை எடுத்து வைத்தேன். ஏழு சேலைக்கும் ஏதாவது ஒன்று பொருந்தியது. ஒரே சேலைக்குக் கறுப்பு ரவிக்கை போட்டால் ஒரு விதமாகவும், பொன்னிறம் போட்டால் வேறு விதமாகவும் இருந்தது.

மிச்சம் 57 சேலையையும் டிரங்குப் பெட்டியிலும் இரண்டு சூட்கேஸிலும் வைத்துப் பூட்டி, சாவிக்கொத்தை மாமியார் கையில் கொடுத்தேன். "எங்கிட்ட குடுத்துட்டு அப்புறம் வந்து கெஞ்சப்படாது" என்று முந்தானையில் முடிந்துகொண்டார். வாட்ஸ்அப் குரூப்பிலிருந்தும் வெளியே வந்துவிட்டேன்.

முதல் ஒன்றரை மாதம் நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஒருத்தரும் கவனிக்கவில்லை! பள்ளிக்கூட வாசல், ரேஷன் கடை, மார்க்கெட், வெள்ளிக்கிழமை கோயில் எல்லா இடத்துக்கும் அதே ஏழு சேலைதான். காலையில் எதைக் கட்டுவது என்ற யோசனை இல்லை. கொடியில் எது காய்ந்ததோ அதுதான். பீரோவைத் திறந்தால் சரிந்து விழுவதற்கு எதுவும் இல்லை.

துணியைப் பார்த்துக்கொள்ளும் விதமும் மாறிவிட்டது. 64 இருந்தபோது எதுவும் பெரிதாகத் தெரியவில்லை, ஏழு என்றதும் ஒவ்வொன்றும் பெரிதாகிவிட்டது. சுங்குடியைத் தனியாகக் கல் உப்புத் தண்ணீரில் ஊறவைத்து அலசி, நிழலில் உலர்த்தினேன். வடித்த கஞ்சியை நீர்க்கக் கரைத்துப் போட்டேன். உள்பக்கம் திருப்பி இஸ்திரி போட்டால் சாயம் மங்குவதில்லை. ஒரு நாள் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனபோது சுங்குடியின் கீழ் பார்டர் சக்கரத்தில் மாட்டி ஒரு சாண் கிழிந்துவிட்டது. நல்ல வேளை, காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. முன்னால் என்றால் அந்தச் சேலையை அன்றைக்கே கரித்துணியாக்கியிருப்பேன். இப்போது உட்கார்ந்து மடித்துத் தைத்து, கிழிசல் கொசுவத்துக்குள் போகிற மாதிரி தலைப்பு மாற்றிக் கட்டிக்கொண்டேன். அது தீபாவளி வரை உழைத்தது.

சங்கடம் ஆவணி மாதத்தில்தான் வந்தது. நாத்தனார் மகளுக்குச் சடங்கு வைத்திருந்தார்கள். அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு போனேன். பத்தே நாளில் அதே சொந்தத்தில் ஒரு நிச்சயதார்த்தம். அதே சனம், அதே அரக்குப் பட்டு. பந்தியில் உட்காரப் போகும்போது நாத்தனார் பத்துப் பேர் முன்னால், "என்ன மதினி, சடங்குக்குக் கட்டுன அதே சேலையா? எங்க அண்ணே வேற சேலை எடுத்துக் குடுக்கலையாக்கும்?" என்று கேட்டாள். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை, கேலிதான். ஆனால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதே பந்தியில் என் கணவர், எல்லாக் கல்யாணத்துக்கும் போடுகிற நீலச் சட்டையில் உட்கார்ந்து பாயசம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நாலு பேண்ட், ஆறு சட்டையில் அவர் வருடம் முழுவதும் ஓட்டுகிறார். அவரை ஒரு மனிதர்கூட "அதே சட்டையா?" என்று கேட்டதில்லை.

அன்று இரவு மாமியாரிடம் போய்ச் சாவியைக் கேட்டேன். "எதுக்கு?" என்றார். நடந்ததைச் சொன்னேன். "எம் மக கேட்டதுக்கு நீ எதுக்குக் கடன்காரி ஆகணும்? கல்யாணமாகி வந்தப்ப எனக்கு இருந்ததே நாலு சேல. அப்ப எல்லாருக்கும் நாலுதான், அதனால யாரும் யாரையும் கேக்கல. போய்ப் படு" என்று சொல்லி, சாவியைத் தரவே இல்லை. மாமியாரைப் பற்றிக் குறை சொல்லி எழுதுகிறவர்கள் நிறையப் பேர். நான் அவருக்கு நன்றி சொல்லி எழுதுகிறேன்.

இனிமேல் சொல்லப் போவதுதான் நான் இந்தக் கடிதம் எழுதக் காரணமானது. எங்கள் எதிர் வீட்டில் ஒரு அக்கா இருக்கிறார். கணவர் இல்லை. அப்பளக் கம்பெனிக்கு வேலைக்குப் போய் மகனைப் படிக்க வைக்கிறார். நிச்சயதார்த்தம் முடிந்த வாரம் ஒரு சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, "என்னம்மா, கொஞ்ச நாளா நீயும் நாலஞ்சு சேலைதான் மாத்தி மாத்திக் கட்டுற?" என்றார். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். நாத்தனார் கேட்டதைச் சொல்லும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நான் சொன்னா நீ வருத்தப்படக் கூடாது. எம் பச்சச் சேலையப் பாத்து நீயும் அப்படித்தாம்மா ஒரு நாள் கேட்ட" என்றார்.

எனக்கு நினைவே இல்லை. மூன்று வருடத்துக்கு முன் எங்கள் தெருவில் ஒரு வளைகாப்பு. அங்கே எல்லார் முன்னாலும், "என்னக்கா, உங்க பச்சச் சேலை இன்னிக்கும் வந்துருச்சா?" என்று கேட்டு நான் சிரித்தேனாம். அதற்குப் பிறகு அவர் எந்த விசேஷத்துக்கும் வரவில்லை. என் மகன் காதுகுத்துக்குக்கூட மொய்யை மகனிடம் கொடுத்து அனுப்பிவிட்டு, "வேலைக்கு லீவு கிடைக்கல" என்று சொல்லிவிட்டார். 'எதிர் வீட்டில் இருந்துகொண்டு வரவில்லையே, என்ன மனுஷி' என்று நான்தான் அவர்மேல் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கேள்வியால் ஒரு பெண்ணை மூன்று வருடம் வீட்டுக்குள் உட்கார வைத்துவிட்டு, அது தெரியாமலே இருந்திருக்கிறேன். அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். "விடும்மா, வெளையாட்டுக்குக் கேட்டதுதான" என்றார். அவர் விட்டாலும் என் மனம் விடவில்லை.

அக்டோபர் 2-ஆம் தேதிக்குப் பேச்சுப் போட்டி என்று என் மகள் காந்தியைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று ஓடி வந்து, "அம்மா, காந்தியும் உன்ன மாதிரி அக்டோபர் 31 வரைக்கும்னுதான் ஆரம்பிச்சாராம்!" என்றாள். எனக்குப் புரியவில்லை. அவள் படித்துக் காட்டினாள். 1921-ல் காந்தி ரயிலில் மதுரைக்கு வந்தார். வழியில் அயல்நாட்டுத் துணியை விடச் சொன்னபோது, கதர் வாங்க எங்களிடம் பணம் ஏது என்று ஏழைகள் கேட்டார்கள். அது அவர் மனதை உறுத்தியது. செப்டம்பர் 22 அன்று, மேல மாசி வீதியில் தங்கியிருந்த வீட்டில், சட்டையையும் தொப்பியையும் விட்டு இடுப்பில் முழங்கால் அளவுத் துணிக்கு மாறினார். குறைந்தது அக்டோபர் 31 வரை என்றுதான் அப்போது அறிவித்தார். பிறகு கடைசி வரை அதுவே அவர் உடையாகிவிட்டது. அந்த வீட்டைத் தாண்டி எத்தனை தடவை ஃபால்ஸ் வாங்கப் போயிருக்கிறேன்! இது தெரியாமல் போயிற்று.

என்னை அவரோடு ஒப்பிடும் அளவுக்கு எனக்குப் பைத்தியம் இல்லை. அவர் ஏழைகளுக்காகச் செய்தார், நான் தவணைக்காரம்மாவுக்காகச் செய்தேன். ஆனால் ஒன்று பிடிபட்டது. இல்லாதவர்கள் முன்னால் தான் கூடுதலாக உடுத்தியிருப்பது அவருக்கு உறுத்தியிருக்கிறது. எனக்கோ, இல்லாத ஒருவர் என் முன்னால் பழைய சேலையில் நின்றது வேடிக்கையாக இருந்திருக்கிறது.

ஐப்பசியில் கஷ்டம் இல்லாமல் இல்லை. தீபாவளிக்கு ஒரு வாரத்துக்கு முன் மதுரையில் மழை கொட்டித் தீர்த்தது. காட்டன் சேலைகள் இரண்டு நாளாகியும் காயவில்லை. பூனம் இரண்டுதான் மாற்றி மாற்றிக் கை கொடுத்தது. ஏழுக்குப் பதில் ஒன்பது வைத்திருக்கலாம் என்று அப்போது தோன்றியது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தினமும் வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஏழு போதாது என்றும் நினைக்கிறேன்.

ஆனால் கடன் தீர்ந்தது. சனிக்கிழமைக்கு 500 வீதம் 15 சனிக்கிழமை. அக்டோபர் 26 அன்று கடைசி ஐநூறைக் கொடுத்தேன். முன்பு கொடுத்த அதே ஐநூறுதான், வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்ததுதான். புதுச் சேலை எடுக்காததால் கடன் தீர்ந்தது, அவ்வளவுதான் கணக்கு. தவணைக்காரம்மாவுக்கு முகம் கொஞ்சம் வாடியது. அவரும் பாவம், வெயிலில் மூட்டை தூக்கிப் பிழைக்கிறவர். பாக்கி வைக்காமல் கொடுத்தேன், காப்பி போட்டும் கொடுத்தேன். அடுத்த சனிக்கிழமை ஐநூறை மகள் டியூஷனுக்கு என்று டப்பாவில் போட்டேன்.

தீபாவளிக்கு மறுநாள் பெட்டியைத் திறந்தேன். அங்கே ஒரு அதிர்ச்சி. 'விசேஷத்துக்கு விசேஷம்தான் கட்டணும்' என்று வருடக்கணக்காக வைத்திருந்த இரண்டு பட்டு, மடித்த இடத்திலேயே விட்டுப்போயிருந்தது. கட்டிக் கிழியாமல் வைத்தே கிழிந்துவிட்டது. பட்டை வருடத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது எடுத்து நிழலில் ஆற்றி, மடிப்பை மாற்றி, வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி வைக்க வேண்டும். பிளாஸ்டிக் கவரில் வைக்கக் கூடாது, பாச்சை உருண்டை ஜரிகையில் படக் கூடாது. 64 சேலை வைத்திருந்தவளுக்கு இதற்கு ஏது நேரம்? மிச்சத்தில் தங்கைக்கும் சித்தி மகளுக்கும் நல்லதாகப் பார்த்துக் கொடுத்தேன். நாலு பூனம் என் மகளுக்குச் சுடிதார் ஆனது. இப்போது என்னிடம் இருப்பது இருபதுதான்.

'எல்லாரும் இப்படிக் குறைத்துக்கொண்டால் நெசவாளி என்ன செய்வான்?' என்று என் தங்கை கேட்டாள். நியாயமான கேள்வி. என் பீரோவில் இருந்த 38 வழவழா சேலையும் மில்லில் ஓடியவை, அதில் எந்தத் தறிக்காரர் வீட்டிலும் அடுப்பு எரிந்திருக்காது. சுங்குடி என்று வாங்கியதிலும் ஒன்றுதான் கையால் முடிச்சுப் போட்டது, மற்றது அச்சடித்தது. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சுப் போடுகிறவர்களும் நம்மைப் போன்ற பெண்கள்தான். அதனால் வருடத்துக்கு எட்டுச் சேலை தவணையில் எடுப்பதை விட்டு, ஒன்றோ இரண்டோ கைத்தறி ரொக்கத்தில் எடுப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். கோ-ஆப்டெக்ஸில் தீபாவளி சமயம் 30 சதவீதம் தள்ளுபடி தருகிறார்கள். அதுவே எனக்குப் போதும்.

தோழிகளே, எல்லாரும் ஏழு சேலையோடு இருங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆசைப்பட்டு, கையில் இருக்கும் காசுக்கு நல்ல சேலை உடுத்துவது தப்பே இல்லை. ஆனால் நான் எடுத்த 64-ல் ஆசைக்கு எடுத்தது பாதிகூட இருக்காது. மற்றதெல்லாம் யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயத்துக்கு எடுத்தது. அந்தப் பயத்தை நமக்கு உண்டாக்குவது ஆண்கள் இல்லை, கடைக்காரர்களும் இல்லை. நாமேதான் ஒருத்தியை ஒருத்தி கேட்டுக் கேட்டு உண்டாக்குகிறோம்.

ஆகவே, விசேஷ வீட்டில் ஒருவரைப் பார்த்ததும் கண் சேலைக்குப் போனாலும் வாய் நலத்தை விசாரிக்கட்டும். இப்போது கல்யாணத்துக்குக் கல்யாணம் "எல்லாரும் ஒரே கலர் சேலையில வாங்க" என்று சொல்லும் பழக்கம் வந்திருக்கிறதே, அதைச் சொல்லும் முன், அந்தக் கலர் இல்லாதவள் கடன் வாங்குவாளா, வராமல் இருந்துவிடுவாளா என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். யாராவது உங்களை "அதே சேலையா?" என்று கேட்டால், "ஆமா, அதேதான். நல்லாருக்குல்ல?" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். நான் இப்போது அப்படித்தான் சொல்கிறேன். என் நாத்தனாரிடமும் சொல்லியாகிவிட்டது. அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

அடுத்து வந்த தை மாதம் எங்கள் தெருவில் ஒரு கல்யாணம். எதிர் வீட்டு அக்காவை நானே போய் அழைத்தேன். முதலில் தயங்கினார். நான் அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு போய் அவர் வாசலில் நின்றேன். உள்ளே போய் அந்தப் பச்சைச் சேலையையே கட்டிக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் ஒன்றாகப் போய், ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தோம். யாரும் எதுவும் கேட்கவில்லை.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை.